பெல்ட் உரசும் இடம்

ஜூன் 3

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். எடுக்காதே. தபால்காரர் கொண்டுவந்து போடுவதை உன்னால் நிறுத்த முடியாது. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சட்டை மாற்றிக்கொண்டிருந்தது தெரியாமல் துண்டு எடுக்க உள்ளே வந்தேன். உன் இடது தோளுக்குக் கீழே, பேஸ்மேக்கர் இருக்கிற இடத்தில், யானைப் படம் போட்ட குழந்தைகள் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. “என்னக்கா இது?” என்றேன். “கொசு கடிச்சுது” என்றாய். பிளாஸ்திரி போடுகிற அளவுக்குக் கடிக்கிற கொசுவை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கையில் ஒரு அடி போட்டாய். அடி பரவாயில்லை. ஆனால் அதற்குள் நான் பார்த்துவிட்டேன். தோல் கறுத்த திராட்சை நிறத்தில், வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து கிடக்கிறது. உள்ளே இருக்கிற பெட்டியின் மூலை அப்படியே புடைத்துக்கொண்டு தெரிகிறது.

நான் பல் செட் செய்கிறவள். செட் சரியாகப் பொருந்தாமல் ஈறில் ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும், அதற்கப்புறம் எலும்பு எட்டிப் பார்க்கும். நீ நாள் முழுக்கப் பயிற்சி வண்டியில் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாய். சீட் பெல்ட் நேராக அந்தப் பெட்டியின் மேல்தான் போகிறது. வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அலறியடித்துக்கொண்டு பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அது இறுகுகிறது. நீ மயங்கி மயங்கி விழுகிறாய் என்று அந்தப் பெட்டியை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் உரசல். பெல்ட்டுக்கு அடியில் கைக்குட்டையை மடித்துச் சொருகி வைத்திருக்கிறாயே, அப்படியானால் உனக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போ. போய்விட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது. பொய் எழுதாதே. உன் பொய்யில் கொசு வரும்.

தங்கை

ஜூன் 9

அன்புள்ள நச்சு,

சின்ன வயசில் உனக்கு நச்சு என்று பேர் வைத்தது நான்தான். நச்சரிப்பதைச் சுருக்கி வைத்தேன். இத்தனை வயசாகியும் அந்தப் பேருக்கு ஒரு குறையும் வைக்காமல் நடந்துகொள்கிறாய். பல் கட்டுகிறவள் எப்போது நெஞ்சு டாக்டர் ஆனாய் என்று தெரிந்தால் நானும் உன்னிடமே வந்து காட்டியிருப்பேன்.

கேட்டுக்கொள். அங்கே தோல் சிவந்து மூன்று நான்கு மாசம் ஆகிறது. நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டால் அடங்குகிறது. மறுபடி வந்தால் மறுபடி அதே மாத்திரை. “என்ன மேடம், இன்னுமா?” என்று மட்டும் கேட்பார். எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் வேலையைப் பார்ப்பார். உன்னை மாதிரி பிளாஸ்திரியைப் பிடித்து இழுக்க மாட்டார்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன். முதலில் வண்டியில் உட்காராதே என்பார்கள். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆட்களெல்லாம் எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அங்கே போய்க் கண்ணாடி பார்க்காமல் வளைக்கக் கற்றுக்கொண்டு வந்தவர்களை இன்னும் தெருவில் பார்க்கிறேன்.

இந்த மாசம் ‘ஆறாவது’க்கு டெஸ்ட் இருக்கிறது. உனக்குச் சொல்லியிருக்கிறேனா? தையல் வகுப்பு நடத்துகிற அம்மா. ஐந்து தடவை ஃபெயில். இது ஆறாவது. அதனால் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் ஆறாவதுதான். அவருக்கு அதில் கோபமில்லை. போன் எடுத்தால் அவரே “நான் ஆறாவது பேசுறேன்” என்கிறார். மெஷினில் நூல் பிடித்த மாதிரி தைக்கிற பெண், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பாத்திரம் கழுவுகிற மாதிரி பிடிக்கிறாள். இரண்டு வண்டிக்கு நடுவில் பின்பக்கமாக நுழைத்து நிறுத்தச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். இவளை டெஸ்ட்டுக்கு முன்னால் பார்ட்னர் கையில் விட்டுவிட்டு நான் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்து நடத்த பார்ட்னர் நல்ல மனுஷன். பஸ் ஓட்டியவர். காரையும் பஸ் நீளம் என்று நினைத்தே சொல்லிக்கொடுப்பார்.

அவருக்கு நீ போன் போடக் கூடாது. இதை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

அக்கா

ஜூன் 15

அக்கா,

பார்ட்னருக்குப் போன் போட்டேன்.

“மேடம்கிட்ட யாரு சொல்றது? நீங்களே சொல்லுங்கம்மா. நான் சொன்னா அன்னைக்கு முழுக்க என் பார்க்கிங்கைத்தான் குத்தம் சொல்லுவாங்க” என்றார். பாவம். உன்னோடு இத்தனை வருஷம் ஆபீஸ் நடத்துவதற்கே அவருக்குத் தனியாக ஒரு பேஸ்மேக்கர் வைக்கலாம். இன்னொன்றும் சொன்னார். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் நீ வண்டியில் ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாயாம். அதுவும் ஒரு நாள் இல்லை, போன வாரம் பூராவும். குளிர் ஜுரம் வந்தால் அதற்குக் குளிர் ஜுரம் என்றுதான் பேர். ஸ்வெட்டர் என்று பேர் இல்லை.

இங்கே நான் பல் செட் செய்கிற லேபுக்கு மேல் மாடியில் ஒரு இதய டாக்டர் உட்காருகிறார். லேப் கோட்டோடேயே படியேறிப் போய் நான் பார்த்ததைச் சொன்னேன். முதலில், “பேஷன்ட் எங்கே?” என்றார். “வர மாட்டேங்கிறாங்க” என்றேன். “அப்ப நான் என்ன சொல்ல முடியும்?” என்றார். நான் போகாமல் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவரே சொன்னார். “தோல் மெலிஞ்சு பெட்டி வெளியே தெரிஞ்சா, உள்ள கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம்மா. மேல மருந்து தடவுறதுல பிரயோஜனம் இல்ல. பெட்டியிலேருந்து வயர் நேரா இதயத்துக்குள்ள போகுது. கிருமிக்கு அதுதான் ரோடு. மாத்திரை சாப்பிட்டா மூடி மறைக்கும், அவ்வளவுதான். பெட்டி, வயர் எல்லாத்தையும் எடுத்தாகணும்.”

இத்தனை வருஷம் கழித்து வயரை எடுப்பது சுலபமா என்று கேட்டேன். அதற்கு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “சீக்கிரம் வரச் சொல்லுங்க” என்றார். நான் கேட்டதற்கு அது பதிலா, அக்கா? இல்லைதானே? அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆறாவதுக்கு ஏழாவது, எட்டாவது என்று வாய்ப்பு இருக்கிறது. உனக்கு அப்படி இல்லை. சனிக்கிழமைக்குள் நீ போகவில்லை என்றால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன்.

தங்கை

ஜூன் 17

நச்சு,

பார்ட்னர் இன்று காலையிலிருந்து என்னைப் பாடையில் வைத்த மாதிரிப் பார்க்கிறார். உன் கைங்கரியம். சந்தோஷமா?

நீ நச்சரித்ததால் மட்டும் இன்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தேன். நடுவில் மிளகு அளவுக்குத் தோல் இல்லை. உள்ளே ஏதோ பளபளவென்று தெரிகிறது. வலி இல்லை. கொஞ்சம் கசிகிறது, துடைத்தேன். பொய் எழுதாதே என்றாய், எழுதவில்லை.

டெஸ்ட் முடிந்த மறுநாள் போகிறேன். என் உடம்பு, என் வண்டி, என் முடிவு. சனிக்கிழமை வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 2

நச்சு,

சொல்லாமல் கொள்ளாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் தூங்கி எழுந்து பார்க்கிறேன், மேஜையில் மாத்திரை டப்பா, மூடிவைத்த சாப்பாடு, கூட ஒரு துண்டுச் சீட்டு. “கார் சாவி மாவு டப்பாவில் இருக்கிறது. எடுத்துக்கொள். செத்துப் போ.” நெஞ்சைப் பிளந்து தைத்துவிட்டு வந்த மனுஷியிடம் எழுதுகிற வார்த்தையா அது? பக்கத்து வீட்டுக்காரி எடுத்துப் படித்துவிட்டு, “உங்க தங்கச்சிக்கு உங்க மேல ரொம்பப் பாசம் போல” என்கிறாள். அவளுக்கும் உனக்கும் ஏதாவது உடன்பாடா?

முதலில் சாவியை ஒளித்துவைத்தது நீ. நான் வண்டியை எடுக்கப் போகவில்லை. பேட்டரி இறங்கிவிடும் என்று கொஞ்ச நேரம் ஓடவிடத்தான் கேட்டேன். அதற்கு வீடே அதிர்கிற மாதிரி கத்தினாய். நானும் கத்தியிருப்பேன். கத்தினால் தையல் இழுக்கிறது. அந்த ஒரு காரணத்தால்தான் அந்தச் சண்டையில் நீ ஜெயித்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனது தோளிலிருந்து வயரை எடுக்க. வீடு திரும்பியபோது நெஞ்சுக்கு நடுவில் மேலிருந்து கீழ்வரைக்கும் தையல். விலா எலும்புக்குக் கீழே வயிற்றில் புதுப் பெட்டி. டாக்டரைக் கேட்டால், “கொஞ்சம் சிக்கலாச்சு, ஆனா சமாளிச்சிட்டோம்” என்கிறார். பார்ட்னரைக் கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறார். என்னைத் திறந்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். நீ அங்கே இருந்தாய். எழுது. முதலிலிருந்து, வரிசையாக, அழாமல் எழுது.

எனக்குத் தெரிந்ததை நான் எழுதிவிடுகிறேன், கணக்கு நேராக இருக்கும். உனக்குக் கடைசிக் கடிதம் போட்ட மறுநாள் ஆறாவதுக்குச் சந்தைத் தெருவில் வகுப்பு. லாரி ஒன்று முன்னால் நின்றது. “கியரைக் குறைங்க” என்று சொன்னேன். ஒரு கை வந்து லைட்டை அணைத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் ஆறாவது சொன்னது. நான் பேச்சை நிறுத்தியதும் வாழ்க்கையில் முதல்தடவையாக மேடம் நம்மைத் திட்டவில்லையே என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். என் தலை தொங்கிக்கொண்டிருந்ததாம். கத்தவில்லை. கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பால் வண்டிக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் பின்பக்கமாக நுழைத்து நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டு, அதற்கப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள். பார்ட்னர் பிறகு போய்ப் பார்த்தாராம். நடைபாதையிலிருந்து ஒரு சாண் இடைவெளி, நேர்கோடு. ஐந்து டெஸ்ட்டிலும் அந்த இடத்தில்தான் ஃபெயில் ஆனவள். நான் கண் திறந்திருந்தபோது ஒரு நாள் இப்படி நிறுத்தியிருக்கக் கூடாதா?

பெட்டியோடு சேருகிற இடத்தில் வயர் முறிந்துவிட்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். பெல்ட்தான் என்றார். நீ சொன்னது சரியாகப் போய்விட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்கா,

அழாமல் எழுத முயற்சி செய்கிறேன். கோபமில்லாமல் எழுத முடியாது. அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பார்ட்னர் போன் போட்டதும் லேபிலிருந்து அப்படியே கிளம்பி வந்தேன். ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண்ணிடம் உன் பேரைச் சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “நீங்க யாரு?” என்றாள். “தங்கச்சி” என்றேன். “பேஷன்ட் அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி வேற ஒருத்தர் பேரைக் குடுத்திருக்காங்க. உங்க பேர் இல்லையேம்மா” என்றாள். பார்ட்னர் பேர். போன தடவை பரிசோதனைக்குப் போனபோது நீயே கொடுத்திருக்கிறாய். பார்ட்னர் வந்து, “இவங்கதாங்க கூடப் பொறந்தவங்க” என்று எனக்குச் சாட்சி சொன்ன பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். நான் அவர் பின்னால் நடந்து போனேன், யாரோ தெரிந்தவரைப் பார்க்கப் போகிற மாதிரி.

முதல் சில நாட்கள் உனக்கே தெரியும். கழுத்து வழியாகத் தற்காலிகமாக ஒரு வயர் வைத்து இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜுரத்துக்கு மருந்து ஏற்றினார்கள். பிறகு சர்ஜன் வந்து உன்னிடமும் என்னிடமும் பேசினார். பழைய வயர் இரண்டும் இத்தனை வருஷத்தில் ரத்தக் குழாயின் சுவரோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருக்கும், மெதுவாகப் பிரித்துத்தான் இழுக்க வேண்டும், சமயத்தில் குழாய் கிழியலாம், அப்படி ஆனால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எத்தனை பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது, திறக்கிற டாக்டர் பக்கத்திலேயே இருப்பாரா, ரத்தம் தயாராக இருக்கிறதா. நீ கண்ணை மூடிக்கொண்டு, “டாக்டர், இவளுக்குப் பதில் சொல்றதுக்குள்ள எனக்குப் புதுசா ரெண்டு வயர் முளைச்சிடும். ஆரம்பிங்க” என்றாய். அவர் சிரித்தார். எனக்கு உன்னை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் கொண்டுபோனார்கள். நான், பார்ட்னர், ஆறாவது மூன்று பேரும் வெளியே அந்தப் பச்சை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் வந்து, முதல் வயர் நல்லபடியாக வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறாவது என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்ட்னர் டீ வாங்கப் போனார்.

டீ வருவதற்கு முன்னால் கதவு திறந்தது. இரண்டு பேர் ஓடிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் யாரும் ஓட மாட்டார்கள், அக்கா, வேகமாக நடப்பார்கள். இவர்கள் ஓடினார்கள். இன்னொரு டாக்டர் முகமூடியைக் கட்டிக்கொண்டே உள்ளே போனார். ஒருவன் ரத்தப் பை இருக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் எழுந்து கதவுக்குப் போனேன். ஒரு இளம் டாக்டர் வந்து, “நீங்கதானே தங்கச்சி?” என்றான். “ரெண்டாவது வயர் பிரியும்போது குழாய் கிழிஞ்சிடுச்சும்மா. நெஞ்சைத் திறந்துட்டாங்க. சர்ஜன் கை வெச்சு அழுத்திப் பிடிச்சிருக்காரு” என்றான். எல்லாவற்றுக்கும் கேள்வி வைத்திருப்பவள் நான். அப்போது ஒன்றுகூட வரவில்லை. “சரி” என்றேன். அவன் உள்ளே போய்விட்டான்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பார்ட்னர் இரண்டு கையிலும் டீயை வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது. பயம் வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. மருந்துக்கடைக்காரர் மேல், யானைப் பிளாஸ்திரி மேல், ஒரு டெஸ்ட்டுக்காக நாளைத் தள்ளிப் போட்டாயே அதன் மேல். இவ்வளவு கோபத்தையும் யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவேன், நீ வெளியே வராவிட்டால்?

சர்ஜன் வந்தபோது அவர் தொப்பியெல்லாம் நனைந்திருந்தது. “தச்சாச்சும்மா. ரத்தம் நின்னுடுச்சு. புது வயரை இதயத்துக்கு வெளிப்பக்கமா தைச்சிருக்கோம். பழைய வயரோட நுனி மட்டும் ஒரு துண்டு உள்ளேயே ஒட்டிக்கிட்டு நிக்குது. அதை எடுக்கப் போனா இவங்க தாங்க மாட்டாங்க. விட்டுட்டோம். கண்காணிக்கணும்” என்றார். ரத்தத்தில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு இன்னொரு நாள் வயிற்றில் பெட்டியை வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ‘கொஞ்சம் சிக்கல்’ என்பது இதுதான்.

நீ கண் திறந்தாய். தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்ததும் முதலில் என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? “நீ இன்னும் போகலியா? லேப்ல லீவு குடுத்தாங்களா?” பிறகு வார்டில் ஒரு நர்ஸ், இவங்க யாரு என்று கேட்டதற்கு, “விசிட்டர்” என்றாய். கேலிக்குத்தான் சொன்னாய். எனக்குக் கேலியாக இல்லை. கவுண்டரில் நின்றவளுக்கு அது கேலியாக இருக்காது.

சாவிக்காக நான் போகவில்லை, அக்கா. இதற்காகத்தான் போனேன்.

தங்கை

ஆகஸ்ட் 14

நச்சு,

உன் கடிதத்தை இரண்டு தவணையாகப் படித்தேன். அந்த டாக்டர் கை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார் என்கிற இடத்தில் மூடி வைத்துவிட்டுப் போய்த் துணி மடித்தேன். மடித்த துணியை மறுபடி மடித்தேன். பிறகு வந்து மிச்சத்தைப் படித்தேன்.

பார்ட்னர் பேரை ஏன் கொடுத்தேன் என்று கேட்கவில்லை நீ. கேட்காமலேயே சொல்கிறேன். முதல்தடவை எனக்குப் பேஸ்மேக்கர் வைத்த அன்று என்ன நடந்தது? என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு நடைவழியில் தொபுக்கென்று விழுந்தாய். நெற்றியில் அடி. எனக்குச் சின்ன ஆபரேஷன் முடிந்து வந்து பார்த்தால் பக்கத்துப் படுக்கையில் நீ, தலையில் கட்டோடு, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு. என் நர்ஸ் பாதி நேரம் உன்னைத்தான் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்தப் பெண்ணை இனிமேல் ஆஸ்பத்திரி வாசலுக்கே கூப்பிடக் கூடாது என்று. பார்ட்னர் கல்லு மாதிரி. விழ மாட்டார்.

உன்னை விசிட்டர் என்றதில் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. அந்த நர்ஸ் நல்லவள், உன்னைச் சீண்டினால் சிரிப்பாள் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நீ தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். தண்ணீர் பிடிக்கத்தான் போகிறாய் என்று நினைத்தேன்.

ஆறாவது நேற்று டெஸ்ட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரி களேபரத்தில் பழைய தேதி போய்ப் புதுத் தேதி வாங்கியிருந்தாள். ஏற்றம், வளைவு, பின்பக்கம் நிறுத்துவது, எல்லாம் அப்படியே என்னை உரித்து வைத்த மாதிரி செய்தாளாம். முடித்துவிட்டு இறங்கும்போது அதிகாரி கேட்டிருக்கிறார், “ஏம்மா, பெல்ட் எங்க?” பெல்ட் போடவே இல்லை. இத்தனை நாள் என் தோளைத் தின்ற அந்தப் பெல்ட்டைப் பார்த்தாலே தொடவே மனசு வரவில்லை மேடம் என்கிறாள். நான் என்ன செய்ய? படுக்கையில் இருந்துகொண்டே அவளை அரைமணி நேரம் திட்டினேன். திட்டி முடித்ததும்தான் கவனித்தேன், தையல் இழுக்கவில்லை.

இப்போது அவள் ஏழாவது.

அக்கா

ஆகஸ்ட் 20

அக்கா,

நான் விழுந்தது உண்மை. நெற்றியில் தழும்புகூட இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை நான் விழவில்லை. பார்ட்னரைக் கேள். அவர்தான் டீயைக் கீழே கொட்டினார்.

என்னை ஆஸ்பத்திரி வாசலுக்கே கூப்பிடக் கூடாது என்று முடிவு பண்ணினதாக எழுதுகிறாய். எனக்குப் பதிலாக நீ ஏன் முடிவு பண்ணுகிறாய்? விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன். விழுவதற்கு ஆஸ்பத்திரியைவிட நல்ல இடம் ஏது?

ஏழாவதிடம் என் அன்பைச் சொல். அவர் என் கையைப் பிடித்தபோது, தையல் ஊசி குத்திக் காய்த்த அவர் விரல்கள் என் கையில் உறுத்தின. வேறு எதுவும் ஞாபகமில்லாவிட்டாலும் அது இருக்கிறது.

நீ தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் இனி அழையாமல் வர மாட்டேன். வரவா என்றும் கேட்க மாட்டேன். என் வீட்டுக்காரர் பாவம், நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதைப் பார்த்துவிட்டு, “டிக்கெட் போடவா?” என்று தினமும் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கை

செப்டம்பர் 1

நச்சு,

நேற்று பரிசோதனைக்குப் போனேன். பார்ட்னர் கூட வந்தார். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவில் சாம்பல் நிறத்தில் என் இதயம், அதற்குள்ளே வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. அதுதான் அவர்கள் விட்டுவிட்ட நுனி. “இதைப் பத்தித்தான் பேசணும்” என்று ஆரம்பித்தார். இன்னும் சில வாரம் மருந்து தொடர வேண்டும், ஜுரம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, இந்தத் துண்டில் கிருமி ஒட்டினால் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும், என்றெல்லாம் சொன்னார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ட்னர் எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினார்.

கடைசியில் டாக்டர், “கேள்வி ஏதாவது இருக்கா?” என்றார்.

நான் பார்ட்னரைப் பார்த்தேன். பார்ட்னர் என்னைப் பார்த்தார். ஒரு மனுஷியின் நெஞ்சுக்குள்ளே ஒடிந்த கம்பி கிடக்கிறது. கேட்பதற்கு இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. அவர் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டார். வெளியே வந்து படியில் நின்றுகொண்டு பார்ட்னர், “மேடம், மறுபடி யோசிக்கணும்னா என்ன அர்த்தம்?” என்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அது நகருமா? நான் வண்டியில் குலுங்கினால் என்ன ஆகும்? இருமினால்? இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன், உடனே அந்தக் கோடு ஞாபகம் வந்தது, மல்லாந்து படுத்தேன். இப்படியே திரும்பித் திரும்பிப் படுத்தேன். உனக்குத் தெரியும், நான் பயந்து படுக்கிற ஆள் இல்லை. இப்போது படுக்கிறேன். தெரிந்துகொள்.

வண்டியில் உட்காரலாமா என்று கேட்கத்தான் போனேன். அதைக் கேட்கக்கூட மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

அடுத்த பரிசோதனை பதினெட்டாம் தேதி. நீ வா. இரண்டு நாள் முன்னாலேயே வா, நான் நினைத்ததையெல்லாம் உன்னிடம் சொல்கிறேன். அவர் முன்னால் நீ கேள். பதில் சரியாக இல்லை என்றால் அந்த மாடி டாக்டரிடம் நின்ற மாதிரி நகராமல் நில். விழுவதாக இருந்தால் என் பக்கமாக விழு, பிடித்துக்கொள்கிறேன். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று காலையில் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கவுண்டர் பெண்ணைப் பார்த்தேன். பார்ட்னர் பேருக்கு மேலே இன்னொரு பேரைப் போடச் சொன்னேன். உன் பேரையும் போன் நம்பரையும் அடித்துக்கொண்டாள். “என்ன உறவு மேடம்?” என்றாள்.

“கூடப் பொறந்தவ” என்றேன். “அடுத்த மாசம் வருவா. நிறையக் கேள்வி கேப்பா. எல்லாத்துக்கும் பதில் சொல்லிடுங்க.”

அடுத்த மாசம் என்றது என் வாய்தவறு. இந்த மாசம்தான். பதினாறாம் தேதி வந்துவிடு.

அக்கா